அப்பாவின் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுது?

பெப்ரவரி 9
அப்பாவின் பெருநாடி வால்வு ஒழுகுதாம். எவ்வளவு என்று எக்கோ ஸ்கேனில் பிடிபடவில்லை. கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார் டொக்டர். இரவு பஸ்ஸுக்கு சீட் போட்டாச்சு.

பெப்ரவரி 12, கொழும்பு
"மூச்சை வெளிய விட்டுட்டுப் பிடியுங்கோ ஐயா." மைக்கில் இதையே இருபது தரம் கேட்டிருப்பேன்.

வேகம் அளக்க ஊசி மருந்துகூடத் தேவையில்லை. காந்தப்புலத்தை ஒரு பக்கம் சரித்து, உடனே மறுபக்கம் சரிக்கிறார்கள். அசையாத தசையில் இரண்டும் கழிந்து பூச்சியம். ஓடுகிற இரத்தத்தில் அணுக்கருக்களின் சுழற்சியில் ஒரு கோணம் மிஞ்சும். வேகம் கூடினால் அதுவும் கூடும். திரையில் தசை சாம்பல், மேலே போகும் இரத்தம் வெள்ளை, கீழே வருவது கறுப்பு. நுரையீரல் மட்டும் உப்பும் மிளகும் கொட்டின மாதிரி.

பெருநாடி வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் நட்டநடுவில் மைப்பொட்டுப்போல் கறுப்பு. இதயம் சுருங்கும்போதே இரத்தம் திரும்புதா? எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ரேடியோகிராபர் சிரித்தார். "வேக எல்லையை 150 வச்சிட்டன் மிஸ்."

எல்லை செக்கனுக்கு 150 செ.மீ. என்றால் அந்த வேகத்துக்குக் கோணம் 180 பாகை. 180 செ.மீ. வேகம் 216 பாகைக்குப் போகும். 180ஐத் தாண்டினதால் மெஷின் அதைப் பின்னுக்கு 144 என்று வாசித்து, 120 செ.மீ. வேகத்தில் திரும்பி ஓடுவதாகக் காட்டும். பௌதிகம் படிப்பிக்கிற எனக்கு இது உறைக்கவில்லையே! 250 ஆக்கி மறுபடி எடுத்ததும் பொட்டைக் காணோம். (முதலே கூட்டி வைத்தால் மெதுவான ஓட்டம் இரைச்சலில் அமிழ்ந்துபோகுமாம்.)

பெப்ரவரி 15, திருகோணமலை
1959இல் சிங்கர் என்பவர் காந்த ஒத்ததிர்வால் எலிவாலில் இரத்த ஓட்டத்தை அளந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அசையவில்லை. அடுத்த வருடம் எர்வின் ஹான் இதே விதமாய்க் கடல்நீரோட்டத்தைப் பற்றி எழுதினார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் வேலை செய்த மனிசன்.

பெப்ரவரி 20
ரிப்போர்ட் வந்தது. துடிப்புக்கு 84 மி.லீ. மேலே, 12 மி.லீ. திரும்பி. 14 சதவீதம், லேசான ஒழுக்குத்தான். ஒபரேஷன் வேண்டாம்.

"இந்த 12ம் அந்தக் கறுப்புப் பொட்டு மாதிரிப் பொய்யோ பிள்ளை?"

இல்லை, இது வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில் உண்மையாகவே திரும்புவது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"தண்ணி மாறுற நேரம் நாங்களும் பொச்சுமட்டை ஒண்டைப் போட்டுப் பாத்துட்டுத்தான் கயிறு அவிழ்ப்பம்."