கேபிள் கிடக்கும் உயரம்

"கேபிள் எந்த உயரத்தில் கிடக்கிறது சார்?" என்று அந்த இளம் பொறியாளர் கேட்டார். மணலும் வண்டலும் கலந்த நீர் கடலடிச் சரிவில் பாய்ந்தோடும் கலங்கல் ஓட்டத்தைக் கடலடிக் கேபிள் ஒன்று தாங்குமா என்பதுதான் எங்கள் அறிக்கை. கடல் தரையில்தான் என்றேன். "அப்படியானால் ஓட்டம் முழுவதற்குமான சராசரி வேகத்தை ஏன் கொடுக்கிறோம்?" கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. "கணக்குக்கு அதுதான் தேவை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான் சொன்னது பொய்யல்ல. கனமான நீர் இலேசான நீருக்கு அடியில் ஓடும் அடர்த்தி ஓட்டங்களுக்கு எலிசன், டர்னர் என்ற ஆய்வாளர்கள் 1959-இல் காட்டிய வழியைத்தான் கடலடிக் கலங்கல் ஓட்டத்துக்கும் கையாள்கிறோம். உயரத்துக்கு உயரம் மாறும் வேகத்தையும் அதன் வர்க்கத்தையும் தொகுத்தால் ஒரு தடிமன், ஒரு வேகம். வண்டல் செறிவுக்கு இன்னொரு சராசரி. மூன்றும் கைக்கு வந்தால், ஓட்டத்தின் விரைவை ஈர்ப்பின் விளைவோடு ஒப்பிடும் ஃபுரூடு எண் வந்துவிடும். ஓட்டம் மேலிருக்கும் தெளிநீரை எவ்வளவு உள்ளிழுக்கும் என்றும் மதிப்பிடலாம். நெடுந்தூரக் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றை வேறு எப்படிக் கணக்கில் அடக்குவது?

ஆனால் வேகம் உச்சம் தொடுவது தரைக்குச் சற்று மேலே. அதற்கு மேல் மெலிந்துகொண்டே போகும் கலங்கல். அதையும் சேர்த்தால் சராசரி இறங்கிவிடுகிறது. மணல் திரள்வதோ தரையோரத்தில். கலிபோர்னியாவை ஒட்டிய மாண்ட்டெரே கடலடிப் பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை நடந்த அளவீட்டில் 800 கிலோ எடையுள்ள பொருளையே ஓட்டம் இழுத்துச் சென்றது. அடியில் அடர்ந்த மணல் அடுக்கு ஓடியதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கூட்டத்துக்குப் போகும் முன்பே அதை நான் படித்திருந்தேன்.

ஒலியை அனுப்பி ஓட்டத்தின் வேகத்தை அறியும் எங்கள் ஒலி வேகமானி மேலே தொங்கியபடி கீழ்நோக்கி அளப்பது. தரையின் எதிரொலியில் கடைசிச் சில மீட்டர் மறைந்துவிடும். அந்த இடத்தை நான் ஒரு வளைகோடு போட்டு நிரப்பினேன். பிற்சேர்க்கையில் அதற்கு ஒரு வரி உண்டு. கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

1929-இல் கனடாவின் கிழக்குக் கடலில் நேர்ந்த கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பிறகு கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த நேரங்களை வைத்தே ஓட்டத்தின் வேகத்தைக் கணித்தார்கள். அதுவும் சராசரிதான், எத்தனையோ கிலோமீட்டர் தூரத்துக்கான சராசரி. இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். உடனே உறுத்தும்: அவர்கள் கேட்டது ஓட்டம் எவ்வளவு விரைவாக வந்தது என்று. எங்களிடம் கேட்டதோ கேபிள் தாங்குமா என்று.

அந்தக் கேபிள் இன்னும் அறுபடவில்லை. அது எனக்குச் சாட்சியாகாது. அங்கே பெரிய ஓட்டம் எதுவும் இதுவரை வரவில்லை. இப்போதெல்லாம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்து வேகத்துக்கு அட்டவணையில் தனிப் பத்தி சேர்க்கிறேன். அதில் இருப்பதும் அதே வளைகோட்டிலிருந்து எடுத்த எண்தான்.