ஏட்டு மதிப்பு 420 ரூபாய்

நான் பணிபுரியும் சென்னைத் தணிக்கை அலுவலகத்தில் 2017 ஜூலையில் ஒன்பது மேசைக் கணினிகள் வாங்கினோம். ஒன்றின் விலை 25,000 ரூபாய். கணினிகளுக்கு வருமான வரிச் சட்டப்படி ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பதால், எட்டு நிதியாண்டுகள் முடிந்து, 2025 மார்ச் இறுதியில் ஒவ்வொன்றின் ஏட்டு மதிப்பும் (கணக்குப் புத்தகத்தில் காட்டும் மதிப்பு) 420 ரூபாயில் வந்து நின்றது. (அந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்காதவர் எங்கள் அலுவலகத்தில் இல்லை.) அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களுடையவை ஏழாம் தலைமுறை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆடிட்டர் சொன்னபோது, ஏதாவது பள்ளிக்குக் கொடுக்கலாமே என்று நான் வாயை விட்டேன். பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

முதலில் அணுகிய பள்ளியின் தலைமையாசிரியர் பதில் ஏதும் சொல்லாமல் என்னை ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். நன்கொடையாக வந்து, ஒரு மாதம்கூட ஓடாமல் நின்றுபோன கணினிகள் அங்கே கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. காயலான் கடைக்குப் போக வேண்டியதைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புண்ணியக் கணக்கு எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதை அந்த அறையில் நின்றபோது வெட்கத்துடன் ஒப்புக்கொண்டேன். அதனால், செய்யாறு அருகே வேறொரு பள்ளியில் பேசும்போது, எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது, யு.பி.எஸ். உண்டா, யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டேன். ஏழு போதும் என்றார்கள்.

அதிக நேரம் எடுத்தது ஹார்ட் டிஸ்க்தான். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அவற்றில் இருந்ததால், எல்லாவற்றையும் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும் என்றார் ஆடிட்டர். ஃபார்மேட் செய்தால் போதுமே என்றார் எங்கள் இளநிலை உதவியாளர். கோப்புப் பட்டியலை மட்டும் அழிக்கும் குவிக் ஃபார்மேட் செய்த ஒரு டிஸ்க்கில், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டினேன். பத்தே நிமிடத்தில் 2019-ஆம் ஆண்டின் வரிக் கணக்குப் படிவம் ஒன்று பி.டி.எஃப். கோப்பாக, பெயரோடும் முகவரியோடும் திரும்பி வந்தது. அதன்பின் யாரும் வாதாடவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் முழுவதுமாகச் சுழியங்களை எழுதும் என்வைப் மென்பொருளை ஓட்டினோம். 500 ஜிபி டிஸ்க் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பழுதடைந்த செக்டார்களில் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளில்) இருப்பதை அழித்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதென்பதால், அத்தகைய டிஸ்க் ஒன்றை மட்டும் டிரில் போட்டுத் துளைத்தோம். ஆடிட்டருக்கு அதில் தனி மகிழ்ச்சி.

மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகை செத்துப்போயிருந்த இரண்டு கணினிகளின் 4 ஜிபி ராம்களை (நினைவகங்களை) கழற்றி, வேறு இரண்டில் செருகி 8 ஜிபி ஆக்கினோம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. ஏழு வாங்கிப் பொருத்தியதும், இரண்டு நிமிடம் திணறிக்கொண்டிருந்தவை அரை நிமிடத்துக்குள் திறந்துகொண்டன. அழித்த டிஸ்க்குகளைக் கோப்புகள் சேமிக்க உள்ளேயே விட்டுவைத்தோம். விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும் தமிழ்99 விசைப்பலகையையும் நிறுவி, விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டினோம். எஞ்சிய இரண்டு உடல்களும் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போயின.

ஒப்படைத்த மூன்றாம் வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது: ஒரு கணினியில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. திரையின் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று கேட்டேன். பழைய தேதி ஒன்றைச் சொன்னார் ஆசிரியர். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்க மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. தேதி பின்னுக்குப் போனதால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்கவில்லை. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் அந்தப் பேட்டரியை அவரே வாங்கி வந்து, நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல மாற்றினார். மற்ற ஆறிலும் அதே எட்டு வயதுப் பேட்டரிதான் இருக்கிறது. அன்று மாலையே ஆறு வாங்கிக் கூரியரில் அனுப்பினேன்.