பம்புக்கு அப்புறம் பிரஷ்

ஜூன் 4, மார்த்தாண்டம்

இடவப்பாதி பிடித்துவிட்டது. சின்னவனுக்கு ஆஸ்துமா. மழை வந்தால் இழுப்பும் வரும். பக்கத்துப் புரையிடத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டால் கேட்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க வாயைத் திறந்துதான் மூச்சு விடுகிறான்.

காலையில் பல் கூசுகிறது என்றான். போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நடுவில் கடுகளவு கறுப்பு. உள்கன்னத்தில் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை. ஈரத்துணியால் துடைத்தால் வருகிறது, ஆனால் அடியில் சிவந்து கிடக்கிறது.

ஜூன் 5

மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “பம்பு அடிச்சு அடிச்சுதான் பிள்ளைக்க பல்லு கெட்டுது. நிப்பாட்டு அதை.” பம்பு என்றால் இழுப்புக்கு அடிக்கிற இன்ஹேலர். நிறுத்தினால் என்ன ஆகும் என்று போன வருஷமே பார்த்தாயிற்று. நிறுத்தவில்லை. பல்லுதானே, விழுந்து முளைக்கும் என்றும் சொன்னார். அதை நானும் நம்பினேன்.

ஜூன் 8, நாகர்கோவில்

பல் டாக்டர் முதலில் கேட்டது, பம்ப் கையில் இருக்கிறதா என்று. நாற்காலியில் இருக்கும்போதே இழுப்பு வந்தால் எடுக்க வேண்டுமே.

கெட்டது பால் பல் இல்லையாம். ஆறு வயசு வாக்கில், பால் பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிற நிலையான பல். என் பிள்ளைக்கு ஏழு!

இழுப்பு வரும்போது அடிக்கிற நீலப் பம்ப் எச்சிலைக் குறைக்கும், வாய்வழி மூச்சு மிச்சத்தையும் காயவைக்கும். எச்சில்தான் பல்லைக் கழுவி, புளிப்பைத் தணிக்கிறது. வெள்ளைப் படலம், தினமும் அடிக்கிற ஸ்டீராய்டு பம்பின் மருந்து வாயில் தங்கியதால் வந்த பூஞ்சை. பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற குழாயான ஸ்பேசர் வைத்து அடித்துவிட்டு, கொப்பளித்துத் துப்ப வேண்டும். முதலில் பம்ப் எழுதிக் கொடுத்த இடத்தில் இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

பூஞ்சைக்குத் தடவ மருந்து தந்தார். பல் வலித்தால் ஐபுப்ரோஃபென் நாமாகக் கொடுக்கக் கூடாதாம், ஆஸ்துமா உள்ள சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பும்.

ஜூன் 9

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். எட்டு மணிக்குப் பல் தேய்ப்பு. அப்புறம் பம்ப், அப்புறம் இனிப்பு சிரப், அதன் மேல் மாமியின் சுக்குக் கருப்பட்டிக் காப்பி, உறக்கம். தேய்த்த பல்லில் சர்க்கரையைப் பூசி, எச்சில் வற்றிய வாயோடு விடியும்வரை விட்டிருக்கிறேன். குற்றம் பம்பின் மேல்!

இனி வரிசை தலைகீழ். சிரப், பம்ப், கொப்பளிப்பு, கடைசியில் பிரஷ். 1000 பிபிஎம் ஃப்ளூரைடு பேஸ்ட், பட்டாணி அளவு. அதன் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும்.

மாமிக்குத்தான் தாங்கவில்லை. “கருப்பட்டி மருந்துல்லா!”

ஜூலை 2

முற்றத்தில் நின்று தென்னை மூடு வரை துப்ப வேண்டும், அதுதான் பந்தயம். பாதி சட்டையில் விழுகிறது. ஆனால் கொப்பளிக்க ஒருநாளும் மறப்பதில்லை. வெள்ளை போய்விட்டது.

ஆகஸ்ட் 17

பல்லை அன்றைக்கே அடைத்தாயிற்று. இன்று மற்ற மூன்று கடைவாய்ப் பல்லின் பள்ளங்களிலும், சொத்தை வராமல் மூடுகிற சீலன்ட் பூச்சைப் பூசினார்கள். ஊசி இல்லை, அழுகையும் இல்லை.

மாமி கருப்பட்டிக் காப்பியைச் சாயங்காலம் நாலு மணிக்கே கொடுத்துவிடுகிறார். “மருந்துல்லா, நேரத்துக்குக் குடுக்கணும்.”