திரும்பி வரப் பிடிக்கவில்லை, சிஸ்டர்

"பூங்காவிலிருந்து திரும்பி வரவே பிடிக்கவில்லை, சிஸ்டர்." அண்மையில் குழந்தை பெற்ற அந்தத் தாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செவிலியான நான் பதிலுக்குச் சிரிக்காமல், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் எடின்பரோ கேள்வித்தாளை எடுத்து நீட்டினேன். அந்த நொடியில் அவர் முகம் மாறியது இன்னும் என்னை உறுத்துகிறது.

வெளியே போகச் சொன்னவளே நான்தான். பிரசவத்துக்குப் பின் வரும் சிறு மனக்கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். இவருக்கு அந்தக் கட்டம் தாண்டியும் கண்ணில் தெளிவு வரவில்லை. இரவெல்லாம் பால் கொடுத்துவிட்டுப் பகலில் திரைச்சீலை மூடிய அறையில் கிடந்தால் உடலுக்கு இரவும் பகலும் பிடிபடாது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் அறைக்குள் சில நூறுதான். மேகமூட்டமான பகலில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். அதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவா, விட்டுவிட்டுப் போகவா?"

தூக்கிக்கொண்டு போங்கள் என்பதுதான் வழக்கமான பதில். நான் கணவரிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வை எங்கள் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் மடியில் யாரும் பாலுக்கு அழவில்லை. மரத்தைப் பார்க்கும் கண் ஒரு தாய்க்குத் தானாக வாய்க்காது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படியானால் அவருக்கு இதமளித்தது மரமா, குழந்தை இல்லாத அந்த நேரமா? திரும்பி வரப் பிடிக்காதது எந்தத் தாய்க்கும் வரக்கூடிய களைப்பா, நோயின் குரலா? 1987இல் வெளிவந்த அந்தக் கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள் மனநிலையைக் கேட்கும். நோய் இதுதான் என்று அது முடிவு சொல்லாது, கவனிக்க வேண்டியவரைக் காட்டிக்கொடுக்கும். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. "ஒருபோதும் இல்லை" என்றுதான் குறித்தார், சற்றே தயங்கிய பிறகு. கூட்டிப் பார்த்தபோது மொத்தம் எல்லைக்கோட்டில் நின்றது. மருத்துவரைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன்.

"மரத்தடியில் நிம்மதியாக இருந்தது என்று சொன்னதற்கா இது?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தயக்கத்தைப் பார்த்த பிறகு எழுதிக் கொடுக்காமல் விட எந்தச் செவிலியாலும் முடியாது. அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் நிம்மதியைப் பற்றி அவர் முதன்முதலாக வாய் திறந்த நேரத்தில் அவர் கையில் நான் ஒரு படிவத்தைக் கொடுத்தேன். அவர் மருத்துவரிடம் போனார், தேறியும் வந்தார். சிகிச்சையாலா, நடையாலா, குழந்தை இரவில் தூங்கத் தொடங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதன் பிறகு பூங்காவைப் பற்றிக் கேட்டால் "போய் வருகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் தாய்மார்களை வெளியே அனுப்புகிறேன். வந்ததும், "திரும்பி வரும்போது எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன். கேட்காமல் இருக்கத் துணிவில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிடுகிறார்களோ என்றும் தோன்றுகிறது.