காயப்பட்ட தேதி

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இழப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். பெயர், வேலை, எத்தனை வருடம் என்பதெல்லாம் சுலபமாகப் போனது. அவசர அழைப்பு மையம், 14 வருடம். நான்காவது கேள்வியில் நின்றுவிட்டேன்: காயப்பட்ட தேதி. நாள், மாதம், வருடம் என்று எட்டுக் கட்டங்கள். 'பல' என்று எழுத அங்கே இடமில்லை.

அதற்கடுத்தது, காயப்பட்ட இடத்தைப் படத்தில் வட்டமிட வேண்டுமாம். மனித உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காதை வட்டமிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சங்கத்து அண்ணனைப் போய்ப் பார்த்தேன். தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இந்தக் கோரிக்கைகளைத்தான் கவனிக்கிறார். ஒரு தாளில் மூன்று கோடு போட்டு விளக்கினார். உடம்பில் அடிபட்டு அதனால் மனம் கெடுவது ஒன்று: ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு அப்புறம் ஏணியைக் கண்டாலே கை நடுங்குவது மாதிரி. மனதில் விழுந்த அடி உடம்பில் இறங்குவது இரண்டாவது: மாரடைப்பு மாதிரி. மனதில் அடிபட்டு மனமே கெடுவது மூன்றாவது.

"முதல் ரெண்டுக்கும் காட்ட ஏதாவது இருக்கும்மா. எக்ஸ்ரே, இசிஜி. மூணாவதுல காயமும் நீதான், சாட்சியும் நீதான்."

மூன்றாவது வகைக்கு அமெரிக்காவின் சில மாநிலங்களில் இன்றும் இழப்பீடு கிடையாது என்றார். பேரதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் இந்த நோய்க்கு பிடிஎஸ்டி என்ற பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர இன்னும் முப்பது வருடம், 2010 வரை. நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின வருடம்.

பிப்ரவரி 27, வியாழன்

மனநல மருத்துவர் இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 80. முப்பத்தொன்று, முப்பத்துமூன்றைத் தாண்டினாலே பிடிஎஸ்டி இருக்கலாம் என்று மேற்கொண்டு பார்ப்பார்களாம். எனக்கு 52. பள்ளியில் கணக்கில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் எதையும் பார்த்ததில்லையே டாக்டர்" என்று கேட்டேன். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. 2013-இல் அந்தக் கையேட்டைத் திருத்தியபோது ஒரு வரி சேர்த்தார்கள் என்றார். சம்பவத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. வேலையின் பொருட்டு அதன் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளானாலும் போதும். டிவியில் பார்த்தது கணக்கில் வராது, வேலையாகப் பார்த்தால் வரும். குழந்தைகள் மீதான கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்ப அறிய நேரும் போலீஸ்காரர்களை அதற்கு உதாரணமாகவே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

மார்ச் 3, திங்கள்

தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் போன் அடித்தது.

மார்ச் 21, வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் ஒரு வரிதான் முக்கியம்: "கோரிக்கையாளர் எந்தச் சம்பவ இடத்திலும் இருக்கவில்லை."

உண்மைதான், இருக்கவில்லை. கேட்டேன். என் வேலையே கேட்பதுதான், இரண்டு அர்த்தத்திலும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பேன். மூச்சு இருக்கிறதா என்று கேட்பேன். பதில் வருவதற்குள் பின்னால் என்னென்ன கேட்கிறதோ அதையெல்லாம் கேட்பேன். நெஞ்சை அழுத்தச் சொல்லி நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொடுப்பேன். மறுமுனையில் அழுத்துவது பெரும்பாலும் மனைவி, மகன், அம்மா. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்ற சத்தம் கேட்கும், போன் கட்டாகும். பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கு ஒரு முடிவாவது கிடைக்கும். எனக்கு 14 வருடமாக முதல் பாதிகள் மட்டும். போன் வைத்த சில நொடிகளில் அடுத்த அழைப்பு. அது பூட்டிய வீட்டுச் சாவியைத் தொலைத்தவராகக்கூட இருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

நான் வெளியிட்ட போன குறிப்பைப் படித்த ஒருவர், "ஏசி அறையில் உட்கார்ந்து வாங்கிய காயமா?" என்று எழுதியிருந்தார். சரி, இருக்கட்டும். கேள்வி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2016-இல் ஒரு சட்டம் வந்தது. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு பிடிஎஸ்டி என்று உறுதியானால் அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அழைப்பு மையத்தில் இருப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2020-இல் அதே மாதிரி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீயணைப்பும் போலீஸும்தான் இருந்தன. ஹெட்செட் போட்டவர்கள் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் காயம், இல்லாவிட்டால் வெறும் கஷ்டம்.

இது இலவசப் பணம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலையால் வந்தது என்ற அந்த அனுமானம் ஆரம்பப் புள்ளி மட்டும்தான். வேறு காரணம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு காட்டினால் அது உடையும். நோய் இருக்கிறதா என்பதை அப்போதும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சுமை யார் தோளில் என்பது மட்டும்தான் மாறுகிறது. ஆனால் தூங்காத ஆளின் தோளுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று எனக்கு இப்போது தெரியும்.

மே 14, புதன்

மேல்முறையீட்டுக்காக என் பழைய மருத்துவக் கோப்பு முழுவதையும் திறந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்தான். போடாவிட்டால் வழக்கே நகராது. ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது ஒரு மாதம் தூக்க மாத்திரை சாப்பிட்டேன். அதை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டிருக்கிறார்கள். துக்கத்தைக்கூட எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்க முடிகிறது.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது அவர்களுக்கு. 2023-இல் மேலாளர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம்: அனுமதியில்லாமல் ஆறு நிமிடம் இருக்கையில் இல்லை. வேலையிட நடவடிக்கையால், அதாவது எச்சரிக்கை, இடமாற்றம், வேலைநீக்கம் போன்றவற்றால் வந்த மன உளைச்சலுக்கு இழப்பீடு இல்லை என்பது பல இடங்களில் உள்ள விதி. விதியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் உளைச்சலுக்கே அந்தக் கடிதம்தான் காரணம் என்கிறார்கள். அந்த ஆறு நிமிடம் நான் கழிவறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுவனுக்கு எண்ணிக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

சிகிச்சை ஐந்தாவது அமர்வு, ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிறுவனின் அழைப்பை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். தவிர்க்கத் தவிர்க்க பயம் ஊறும், கேட்கக் கேட்க இறங்கும் என்பது கணக்கு. ஆலோசகர் சொன்னபோது சிரித்துவிட்டேன். மருந்தும் கேட்பதுதானா?

முதல் நாள் இரண்டு நிமிடம் தாண்டவில்லை. நேற்று முழுவதும் கேட்டேன். நடுவில் ஓர் இடத்தில், 'ரெண்டு' என்று சொல்லாமல் விட்டுவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அல்லது இப்போது சொல்லும்போது சேர்த்துக்கொண்டேனா? அசல் பதிவைக் கேட்டால்தான் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை. அசல் பதிவுகளில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டன. எச்சரிக்கைக் கடிதத்துக்கு ஆதாரமாக வைத்திருந்ததால் இது பிழைத்தது. அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

நாலு நிமிடத்துக்கு மேல் ஓடியது. முடிந்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "மிகவும் நிதானமாகப் பேசியிருக்கிறீர்கள், பாராட்டுகள்" என்றார். பாராட்டு இல்லை அது. நிதானமான குரலுக்கு எங்கே காயம் என்று கேட்கிறார். சங்கத்து அண்ணன் எழுந்து, குரல் நடுங்கினால் மறுமுனையில் இருப்பவர் அழுத்துவதை நிறுத்திவிடுவார், நிதானம்தான் இந்த வேலையின் பயிற்சியே என்றார். விசாரணைக் குழுவில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பையன் என்ன ஆனான்?"

தெரியாது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

'ரெண்டு' இருந்தது. எல்லாச் சுற்றிலும் இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். சம்பள இழப்பு, சிகிச்சைச் செலவு, படிப்படியாக வேலைக்குத் திரும்பும் திட்டம். முதல் கட்டமாக ஹெட்செட் இல்லாத வேலை.

எட்டுக் கட்டங்களையும் அவர்களே நிரப்பியிருக்கிறார்கள். காயப்பட்ட தேதி: 14-01-2025. மெல்லச் சேர்ந்த காயம் என்றால், முதன்முதலில் மருத்துவரிடம் போன நாளையே எடுத்துக்கொள்வார்களாம். பழைய நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அன்று எனக்கு வார விடுப்பு. ஒரு அழைப்புகூட எடுக்கவில்லை.