மூஸ் ஓடாது, அதுதான் சிக்கல்

மூஸ் என்ற பெரிய மானை முதன்முதலில் பக்கத்தில் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. யாரோ அவசரத்தில் செய்து முடித்த மிருகம் போலிருக்கிறதே என்றுதான் தோன்றியது. உடம்பு ஒரு அளவு, கால் இன்னொரு அளவு, மூக்கு யாரிடமோ கடன் வாங்கியது, தாடைக்குக் கீழே பை மாதிரி ஒரு தோல் தொங்குகிறது, முதுகில் ஒரு திமில். சிரிப்புதான் வந்தது.

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் சிலர் இதைக் கடமான் என்று எழுதுகிறார்கள், ஆனால் கடமான் என்றால் நமக்கு மிளா, அது வேறு. இங்கிலாந்துக்காரர்கள் இதே மிருகத்தை எல்க் என்பார்கள், அமெரிக்காவில் எல்க் என்றால் இன்னொரு மான். இந்தக் குழப்பத்துக்குள் போனால் திரும்பி வர முடியாது, அதனால் மூஸ் என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரெய்னார்ட் ஏரிக்கு மேலே லாங் லேக் என்று ஒரு ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேலே. ஏரியைச் சுற்றி வரும் பாதையின் தென்பக்கம் சதுப்பு, அங்கங்கே மரப்பலகை போட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் இடுப்பளவு வில்லோ புதர். ஜூலை மாதம், காலை எட்டு மணி இருக்கும், நானும் மனைவியும் போய்க்கொண்டிருந்தோம். புதருக்குள் கிளை ஒடியும் சத்தம். சத்தம் என்றால் பெரிய சத்தமில்லை, யாரோ நிதானமாகக் கீரை ஆய்வது மாதிரி. எட்டிப் பார்த்தால் ஒரு பெண் மூஸ், இலையை ஒரு கொத்தாக வாயில் பிடித்து, கிளையோடு சர்ரென்று உருவித் தின்றுகொண்டிருந்தது. எங்களை ஒரு தடவை பார்த்தது, மறுபடி தின்ன ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பார்வைதான் என்னை ஏமாற்றியது. ‘பரவாயில்லை, பழகின மிருகம்’ என்று நானே முடிவு செய்து, போனை எடுத்துக்கொண்டு நாலு அடி முன்னால் போனேன். மனைவி பின்னாலிருந்து, "ஏங்க, வேணாம், அதுக்குப் பின்னாடி குட்டி இருக்கு பாருங்க" என்றாள். பார்த்தால் ஆமாம், செம்பழுப்பு நிறத்தில் ஒன்று, புதர் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, காது மட்டும் தெரிந்தது.

சரி, மெதுவாகப் பின்னால் போய்விடலாம் என்று நினைத்த அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஜோடியாக, ஒரு நாயோடு வந்தார்கள். நாயைக் கயிற்றில்தான் கட்டியிருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நாய் குரைத்துவிட்டது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்ததுதான். முதலில் தின்பது நின்றது. அப்புறம் காது இரண்டும் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. திமிலில் இருந்த முடி சிலிர்த்தது. நாக்கை வெளியே விட்டு உதட்டை நக்கியது. அதைப் பார்த்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை, என்னவோ வாயைத் துடைக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் மனைவி என் பையைப் பிடித்து இழுத்தாள், அது பாய்ந்தது, நாங்கள் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னால் விழுந்தோம். முட்டி பெயர்ந்தது, போன் சேற்றில். மூஸ் ஏழெட்டு அடி வந்து நின்றது, எங்களைப் பார்க்கவே இல்லை, நாயைத்தான் பார்த்தது. அந்த ஜோடி நாயை இழுத்துக்கொண்டு பின்வாங்கிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, குட்டியோடு தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் போனது.

மான் என்றால் மனிதனைக் கண்டதும் ஓட வேண்டும் என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது ஓநாய்களோடு வாழ்ந்து பழகிய இனம். ஓநாய்க் கூட்டத்தைக் கண்டு ஓடும் மூஸைவிட, திரும்பி நின்று முன்னங்காலால் உதைக்கும் மூஸுக்குத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதனால் அது நிற்கிறது. நாம் அதைச் சாது என்று எடுத்துக்கொள்கிறோம். நாய் வந்தால் அதன் கண்ணுக்கு அது ஓநாய்தான், நீங்கள் எவ்வளவு செல்லப் பேர் வைத்திருந்தாலும் சரி. துரத்தப்பட்ட நாய் எங்கே ஓடும்? முதலாளி காலடிக்கு. கரடியைப் பார்த்தால் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள், மூஸைப் பார்த்தால் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள். நான் உட்பட.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, ஐம்பது வருடம் முன்னால் அதே ஏரிக்கரையில் மூஸைப் பார்க்கவே வாய்ப்பில்லை. அதற்கு முன்பு வயோமிங்கிலிருந்து வழிதவறி ஒன்றிரண்டு வந்து போயிருக்கின்றன, அவ்வளவுதான். 1978-லும் 1979-லும் யூட்டாவிலிருந்தும் வயோமிங்கிலிருந்தும் மொத்தம் 24 மூஸ்களைக் கொண்டுவந்து, வடக்கே நார்த் பார்க் என்ற பள்ளத்தாக்கில் விட்டார்கள். வில்லோ ஏராளம், ஓநாய் இல்லை. பெருகின, மலைத்தொடரைத் தாண்டின, பிறகு வேறு சில இடங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள், இப்போது மாநிலத்தில் சுமார் 3,000. அதனால் கொலராடோவில் ‘மூஸ் மீண்டு வந்தது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் நெருடும். வந்தது, சரி. மீண்டு என்பது எங்கிருந்து? ராக்கி மலை தேசியப் பூங்காவில் எல்க்கும் மூஸும் சேர்ந்து வில்லோவை மொட்டையடிப்பதைத் தடுக்க வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். 2023 டிசம்பரில் மாநிலத்தில் 10 ஓநாய்களை விட்டிருக்கிறார்கள், கதை இனி எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

உண்மையில் மீண்டது என்றால் அது அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில். நியூ ஹாம்ப்ஷையர், வெர்மாண்ட், மெய்ன். காட்டை வெட்டிப் பண்ணையாக்கியதாலும் வேட்டையாலும் அங்கே மூஸ் பல இடங்களில் துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது. அப்புறம் விவசாயிகள் பண்ணைகளைக் கைவிட்டார்கள், காடு தானாக ஏறி வந்தது, வேட்டைக்குத் தடை வந்தது. மெய்னில் 1935-ல் வேட்டையை நிறுத்தினார்கள், 1980-ல்தான் மறுபடி குலுக்கல் முறையில் அனுமதி. அங்கே இப்போது பல்லாயிரம் மூஸ்கள் இருக்கின்றன.

ஆனால் அங்கேயும் நிம்மதி இல்லை. குளிர்கால உண்ணி என்று ஒன்று இருக்கிறது. இலையுதிர்காலத்தில் செடி நுனியில் காத்திருந்து ஏறும், பனி தாமதமாக விழும் வருடங்களில் அதற்குக் கொண்டாட்டம். ஒரே மூஸ் மேல் பல்லாயிரம் உண்ணி. அரிப்பு தாங்காமல் மரத்தில் உரசி உரசி முடியெல்லாம் போய் வெளுத்துவிடும், பேய் மூஸ் என்றே பேர். முதல் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய கன்றுகள்தான் அதிகம் சாகின்றன, மோசமான வருடங்களில் பாதிக்கும் மேல். மூஸ் கூட்டம் நெருக்கமாக இருந்தால் உண்ணியும் பெருகும் என்பதால், மெய்னில் ஒரு பகுதியில் வேட்டை அனுமதியை வேண்டுமென்றே கூட்டி, அடர்த்தியைக் குறைத்துப் பார்த்தார்கள். காப்பாற்றுவதற்காகச் சுடுவது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதில் ஒரு நியாயம் இருப்பது புரிகிறது.

அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு விஷயம் மாற்றிக்கொண்டோம். ஒன்று, கட்டைவிரல். கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் மூஸை மறைத்துப் பார்க்க வேண்டும். முழுசாக மறையவில்லை என்றால் நாம் கிட்டே இருக்கிறோம். இரண்டாவது, புதர்ப் பாதையில் நடக்கும்போது அடுத்த பெரிய மரம் எங்கே என்று பார்த்துக்கொண்டே போவது. மரத்தைச் சுற்றி நம்மால் சட்டென்று திரும்ப முடியும், அத்தனை பெரிய உடம்பால் முடியாது. கரடி என்றால் ஓடாதே என்பார்கள், மூஸ் பாய்ந்தால் தாராளமாக ஓடலாம்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி போனோம். இந்தத் தடவை ஆண், கொம்பெல்லாம் விரித்துக்கொண்டு பாதை நடுவில். இணைசேரும் பருவம், ஆண்களுக்குக் கோபம் வரும் மாதம். கட்டைவிரலை நீட்டினேன், இரண்டு பக்கமும் கொம்பு எட்டிப் பார்த்தது. பின்னால் வந்து ஒரு மரத்தடியில் காத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து அது நகரும் என்று பார்த்தால், காலை மடக்கிப் பாதையிலேயே படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், "போலாம்ங்க, இது எழுந்திரிக்காது" என்றாள். மேலே இருக்கும் இசபெல் ஏரியை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை.