எஃப்ஆர்-4 என்று மட்டும் எழுதினால் போதாது

பிசிபி (மின்சுற்றுப் பலகை) டிராயிங்கில் மெட்டீரியல் என்ற இடத்தில் 'எஃப்ஆர்-4, 1.6 மிமீ' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி இழைத் துணியில் எபாக்சி ஏற்றிச் செய்த, தீ பரவாத பலவகைப் பலகைகளுக்குப் பொதுவான பெயர் அது. 135 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதும் எஃப்ஆர்-4, 170 வரை தாங்குவதும் எஃப்ஆர்-4. இந்த வெப்பநிலையைத்தான் டிஜி என்கிறோம்.

எங்களிடம் பழுதாகித் திரும்பி வந்த எட்டு லேயர் கன்ட்ரோலர் போர்டு ஒன்று, சூடானால் நின்றுவிடும், ஆறினால் ஒழுங்காக ஓடும். குறுக்கே வெட்டி, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வியாவின், அதாவது லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளையின், செப்புச் சுவர் நடுவில் மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது. டிராயிங்கில் எஃப்ஆர்-4 என்று மட்டும் இருந்ததால் போர்டு செய்தவர்கள் குறைந்த டிஜி லேமினேட் (போர்டுக்கு அடிப்படையான பலகை) போட்டிருந்தார்கள், அவர்கள் மேல் குறை சொல்லவும் வழியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியில்தான் உருகும், அதனால் சால்டரை உருக்கிப் பாகங்களை ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பில் போர்டு 245 வரை போகும். டிஜியைத் தாண்டியதும் எபாக்சி தடிமன் திசையில் நாலைந்து மடங்கு வேகமாக விரிகிறது. 135 டிஜி பலகை 1.6 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 60 மைக்ரான் தடிக்கும். செம்பு தன் போக்கில் விட்டால் 6 மைக்ரான்தான் நீளும். மிச்சம் எல்லாவற்றையும் 25 மைக்ரான் சுவர் இழுபட்டுத் தாங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் பாகங்கள் இருந்தால் இரண்டு முறை, அப்புறம் பாகத்தைக் கழற்றி மாற்றும் ரீவொர்க் வேறு. 170 டிஜி, ஃபில்லர் (விரிவைக் குறைக்கும் கனிமத் தூள்) கலந்த லேமினேட்டில் அந்த 60 சுமார் 40 ஆகக் குறைகிறது.

"சார், அதுவும் எஃப்ஆர்-4தானே, விலை கூட வருதே" என்று பர்ச்சேஸில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாதாரண இரண்டு லேயர் போர்டுக்கு நானும் அதிக டிஜி கேட்பதில்லை. எல்இடி விளக்குக்கு அலுமினிய போர்டு, 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு ரோஜர்ஸ் 4350 மாதிரி இழப்பு குறைந்த லேமினேட் என்று வேலையைப் பார்த்துத்தான் தேர்வு. ஆனால் லேயர் கூடி, ஈயமில்லாத அசெம்பிளியும் ஆகிவிட்டால் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போது டிராயிங்கில், 170 டிஜி, ஃபில்லர் கலந்த லேமினேட்டைக் குறிக்கும் தர எண்ணான ஐபிசி-4101/126 என்று போட்டு, எங்கள் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் லேமினேட்டை மாற்றக்கூடாது என்றும் சேர்த்துவிடுகிறோம்.